கட்டு யார் பெயரில்?

முடிச்சை அவிழ்ப்பதற்கு முன், அந்த அம்மாள் காகிதக் கட்டை மேசை ஓரத்தில் இரண்டு தட்டுத் தட்டுகிறார். "எந்திரிங்கப்பா, விடிஞ்சாச்சு." உள்ளே குடியிருக்கும் காகிதம் தின்னிப் பூச்சிகளுக்குத்தான் இந்த அறிவிப்பு. ஒன்றிரண்டு பதறியடித்து வெளியே வந்து மேசை இடுக்கில் மறைகின்றன. "வாடகை குடுக்காம இருந்ததுக ஓடற ஓட்டத்தைப் பாரு" என்று சொல்லிக்கொண்டே கொண்டையிலிருந்து ஊசியை உருவி, அதன் முனையால் நாடாவின் முடிச்சை நெம்புகிறார். பத்து வருடம் இறுகிக் கிடந்த முடிச்சு பத்து விநாடியில் கழன்றுவிடுகிறது. அவசரக்காரர்கள் கத்தரிக்கோலை நீட்டினால் வாங்க மாட்டார். வெட்டிய நாடா திரும்பக் கட்டும்போது எட்டாது என்பார்.

குடும்ப நீதிமன்றத்தின் பழைய ஆவண அறை அது. முடிந்துபோன வழக்குகள் மட்டும்தான் இங்கே வந்து சேரும், முக்கால்வாசி விவாகரத்து. ஒரு வழக்கின் காகிதங்களை எல்லாம் சேர்த்துக் கட்டிவைப்பதால் அதற்குப் பெயர் கட்டு. இருபத்து மூன்று வருடமாக அந்தக் கட்டுகளோடு குடித்தனம் நடத்தும் இந்த அம்மாளுக்கு வக்கீல் குமாஸ்தாக்கள் வைத்த பெயர் கட்டக்கா. பெயரைக் கேட்டு ஆள் குள்ளம் என்று நினைத்துவிட வேண்டாம். மேல்தட்டுக்கு ஏணி இல்லாமலே கை எட்டும்.

அறைக்கும் வெளியுலகுக்கும் நடுவில் ஒரே ஒரு ஜன்னல். அதைக் கட்டியவர் எந்த ஞாபகத்தில் இருந்தாரோ, சற்றுத் தாழ்வாக வைத்துவிட்டார். யார் வந்தாலும் குனிந்துதான் பேச வேண்டும். "ஜட்ஜ் ஐயாகிட்டயே நிமிர்ந்து பேசிட்டுப் போனவங்க, பத்து வருஷம் கழிச்சு என்கிட்ட வந்து குனியறாங்க. எல்லாம் கொத்தனார் பண்ண வேலை" என்று சிரிப்பார்.

குனிகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு நகல் வேண்டும். மறுமணம் செய்கிறவர்கள், வீட்டை விற்கப் போகிறவர்கள், வெளிநாட்டுக்கு மனுப் போடுகிறவர்கள். வழக்கு எண் கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள். கல்யாணத் தேதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் மனிதர்களுக்கு இந்தத் தேதி மட்டும் நினைவில் நிற்பதில்லை. கட்டக்கா அதற்கு வழி வைத்திருக்கிறார். "பிள்ளை அப்ப எத்தனாவது படிச்சுது?" என்பார். பிள்ளை இல்லாதவரிடம், "அப்ப எந்த வீட்டுல குடியிருந்தீங்க?" ஒருவர், தான் வண்டி வாங்கிய வருடம் என்றார். அவரைப் போய் வண்டிப் புத்தகத்தை எடுத்து வரச் சொன்னார். இன்னொருவர், தீர்ப்பு நாளில் புதுச் செருப்பு கடித்தது என்றார். "செருப்புக்கு என்கிட்ட ரிஜிஸ்டர் இல்லைங்களே" என்றார் கட்டக்கா.

வருடம் தெரிந்தாலும் வேலை முடிவதில்லை. பெயர்ப் பதிவேட்டில் வழக்குப் போட்டவரின் பெயர் மட்டும்தான் இருக்கும். எதிராளியின் பெயரை வைத்துத் தலைகீழாக நின்று தேடினாலும் கிடைக்காது. அதனால் "கேஸ் யார் போட்டது?" என்று கேட்டே ஆக வேண்டும். அங்கேதான் சிக்கல். பத்துப் பேரில் எட்டுப் பேர் "நான்தான் போட்டேன்" என்பார்கள். புருஷன் வந்தாலும் அதே பதில், பெண்டாட்டி வந்தாலும் அதே பதில். இருவரும் சம்மதித்துச் சேர்ந்து போடுவதைத் தள்ளிவிட்டால், ஒரு வழக்கை ஒருவர்தானே போட முடியும்? கணக்கு உதைக்கும். "எல்லாருமே உதறிட்டு வந்தவங்கதான். உதறப்பட்டவங்க ஒருத்தர்கூட இந்த ஜன்னலுக்கு வந்ததில்ல" என்பது கட்டக்காவின் இருபத்து மூன்று வருட ஆராய்ச்சி முடிவு. சொன்ன பெயரில் இல்லை என்றால் சத்தம் போடாமல் மற்ற பெயரில் பார்ப்பார். கிடைத்ததும் "இதோ இருக்கு" என்பதோடு சரி. யார் பெயரில் இருந்தது என்று வாயைத் திறக்க மாட்டார்.

ஊரில் இத்தனை தாம்பத்தியங்கள் முறிந்து இவர் தலைக்கு மேல் அடுக்கியிருக்க, இவருடைய தாம்பத்தியம் சண்டையிலேயே வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்றேகால் மணிக்கு வீட்டுக்குப் போன் போடுவார். வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். "சாப்டாச்சா? அடுப்பை அணைச்சாச்சா? மோட்டாரை நிறுத்தினீங்களா?" மூன்றாவது கேள்வியில் அந்தப் பக்கம் சூடு ஏறும். "ரொம்பப் பேசினா, உன் ரூம்லயே நமக்கும் ஒரு கட்டுப் போட்டு வெச்சிடு!" "இங்க இடமில்லைங்க, அடுத்த வருஷம் பார்க்கலாம்." அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று சொல்லிச் சொல்லியே, கல்யாணமாகி முப்பத்தொரு வருடம் ஆகிவிட்டது.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஜன்னலில் இரண்டு தலைகள் ஒன்றாகக் குனிந்தன. ஒரு பெண்மணி, நாற்பத்தைந்து வயதிருக்கும். கடையிலிருந்து அப்படியே எழுந்து வந்திருக்க வேண்டும். அளவெடுக்கும் நாடா தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் உடுப்புத் தைக்கும் தையல்காரம்மா. கூட வந்தவர் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர், மனைவியை இழந்தவர், ஐம்பதைத் தாண்டியவர். வந்ததும் அவர் கேட்டது நகலை அல்ல. "மேடம், உங்க கண்ணாடி இடப் பக்கமா சாஞ்சிருக்கு. கழட்டிக் குடுங்க, ஒரு நிமிஷம்." வாங்கி, காம்பை இரண்டு விரலால் மெல்ல வளைத்து, திருப்பிக் கொடுத்தார். கட்டக்காவுக்கு அந்த மனிதரை அப்போதே பிடித்துப் போயிற்று.

"வெள்ளிக்கிழமை எங்களுக்குப் பதிவுக் கல்யாணம். இவங்க விவாகரத்துத் தீர்ப்போட நகல் வேணும்னு பதிவாளர் சொல்லிட்டார். இவங்க அப்பவே வாங்கி வைக்கல. இந்தத் தேதியை விட்டா அடுத்தது ரெண்டு மாசம் தள்ளிப் போயிடுமாம்" என்றார் கடைக்காரர்.

கட்டக்கா தையல்காரம்மாவைப் பார்த்தார். "பிள்ளை அப்ப எத்தனாவதும்மா?"

"பொண்ணு. அஞ்சாவது முடிச்சு ஆறாவது போனா. இப்ப வேலைக்குப் போய் ஒரு வருஷமாச்சு."

வருடம் கிடைத்துவிட்டது. "கேஸ் யார் போட்டது?"

அவர் வாயைத் திறப்பதற்குள் கடைக்காரர் முந்திக்கொண்டார். "இவங்கதான் மேடம்! என் தங்கச்சி கேட்டா, புருஷன் விட்டுட்டுப் போன பொம்பளையான்னு. யாரும் விட்டுட்டுப் போகல, இவங்கதான் பள்ளிக்கூடம் போற பொண்ணைக் கூட்டிக்கிட்டு எந்திரிச்சு வந்தாங்க, தனியா நின்னு கோர்ட்டு ஏறினாங்கன்னு சொன்னேன். அந்தத் தைரியத்தைப் பார்த்துத்தான் நானே பொண்ணு கேட்டேன்."

"நான்தான் போட்டேன்" என்றார் தையல்காரம்மா. சொல்லும்போது நாடாவின் நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

கட்டக்கா அந்த வருடத்துப் பதிவேட்டில் விரலை ஓட்டினார். இல்லை. முந்தைய வருடம், அடுத்த வருடம், அதிலும் இல்லை. கடைக்காரரின் முகம் தொங்கிப் போயிற்று. "இல்லாமப் போயிடுமா மேடம்?"

"இங்க வந்த கட்டு எங்கயும் போகாதுங்க. சல்லடை போட்டாவது எடுத்துடறேன்." முன்னாள் புருஷன் பெயரில் பார்க்கட்டுமா என்ற கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டார். "ஃபாரத்துல முன்னாள் வீட்டுக்காரர் பேருன்னு ஒரு கட்டம் இருக்கும்மா, அதையும் நிரப்பிடுங்க. போன் நம்பரும் எழுதுங்க. வியாழக்கிழமை நகல் தயாரா இருக்கும்."

அவர்கள் போனதும் அந்தப் பெயரில் பார்த்தார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மெலிந்த கட்டு. இருவரும் மல்லுக்கு நின்ற வழக்கு தலையணை மொத்தம் இருக்கும். இது நாலே காகிதம். கணவர் மனு. சம்மன் சேர்ந்ததற்கு அத்தாட்சியாகத் தையல்காரம்மாவின் கையெழுத்து, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியதுபோல் முழுப் பெயரும் கோணாமல். அடுத்த தாளில், "எதிர்மனுதாரர் மூன்று முறை அழைக்கப்பட்டும் ஆஜராகவில்லை." கடைசித் தாளில் தீர்ப்பு. இந்த மாதிரிக் கட்டுகளை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறார். அன்றைக்கு என்னவோ கட்டைத் திரும்பக் கட்டாமல், ஃபாரத்தில் எழுதியிருந்த நம்பரை எடுத்தார்.

போன் போட்டார். அந்த முனையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"கட்டு கெடைச்சிடுச்சும்மா. ஆனா அவர் பேர்லதான் இருக்கு."

மெஷின் நின்றது. "தேதி அன்னைக்குக் கிளம்பி வந்தேங்க. கோர்ட்டுப் படிக்கட்டு வரைக்கும் வந்துட்டேன். மேல ஏறக் கால் வரல. என் பேரைக் கூப்பிட்டது கீழ வரைக்கும் கேட்டுச்சு. மூணு தடவை. அப்புறம் கேக்கறவங்ககிட்டல்லாம் நானே போட்டேன்னு சொல்லி வெச்சேன். சொல்லிச் சொல்லி எனக்கே அப்படித்தான் நடந்த மாதிரி ஆயிடுச்சு. அந்தக் காகிதத்துல இது தெரியுங்களா?"

"மொதல் வரியே அதுதாம்மா. அதை மாத்த என்னால ஆகாது."

"இவர் என்னை எந்தக் காரணத்துக்காகப் பொண்ணு கேட்டாரோ, அதுவே பொய்யாயிடுமே அக்கா."

"வியாழக்கிழமை நீங்க மட்டும் வந்தாக்கூடப் போதும். உங்க கையெழுத்து இருந்தாச் சரி" என்று மட்டும் சொன்னார் கட்டக்கா. மத்தியானம் வீட்டுக்குப் போன் செய்தபோது மோட்டாரைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டார். வீட்டுக்காரர் பயந்துபோய், "ஏன், உடம்பு ஏதாவது பண்ணுதா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஜன்னலில் மறுபடியும் இரண்டு தலைகள். "நான் மட்டும் போறேன்னு சொன்னாங்க, நான்தான் கடையைச் சாத்திட்டுக் கூடவே வந்துட்டேன். முக்கியமான காகிதமாச்சே" என்றார் கடைக்காரர். தையல்காரம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள்.

நகலைக் கொடுக்கிற நேரத்தில்தான் முத்திரை வைக்க வேண்டும் என்பது விதி. தையல்காரம்மா பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். அதே கையெழுத்துத்தான், ஆனால் இந்தத் தடவை கோணியிருந்தது. கட்டக்கா தாள்களைத் தன் பக்கம் கவிழ்த்து, கடைசித் தாளில் வட்ட முத்திரையை ஓங்கி வைத்தார்.

ஜன்னல் வழியாக ஒரு கை உள்ளே வந்தது. "குடுங்க மேடம், நான் வெச்சுக்கறேன். என்கிட்ட இருந்தாப் பத்திரம்."

கட்டக்கா நகலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "மை காயலைங்க. ஈரத்தோட மடிச்சா அப்பிடும். அப்புறம் பதிவாளர் திருப்பி அனுப்பிடுவார்." இரண்டு கையாலும் தாளை முகத்துக்கு நேரே பிடித்து ஊத ஆரம்பித்தார்.

"அக்கா, ஒரு சீலுக்கு இவ்வளவு நேரமா?" வரிசையிலிருந்து ஒரு குமாஸ்தா கத்தினார்.

"புது மைப்பா. காயட்டும், இரு."

தையல்காரம்மா ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கடைக்காரர் பக்கம் திரும்பினார். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"கேஸ் நான் போடல. அவர்தான் போட்டார். நான் வந்து நிக்கக்கூட இல்ல. படிக்கட்டுக்கிட்ட வந்து, பயந்துபோய்த் திரும்பிட்டேன். நான் சொன்னது பொய்."

கடைக்காரர் நீட்டியிருந்த கையை மெதுவாக வெளியே எடுத்தார். குனிந்திருந்தவர் நிமிர்ந்தார். இப்போது கட்டக்காவுக்கு அவருடைய சட்டைப் பொத்தான்கள் மட்டும்தான் தெரிந்தன.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருக்கணும்."

"எந்தப் படிக்கட்டு?"

"அதோ, அதுதான்."

அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். பொத்தான்கள் கொஞ்சம் நகர்ந்தன. "அப்புறம் எப்படி வீட்டுக்குப் போனீங்க?"

"நடந்துதான். பொண்ணுக்கு ஸ்கூல் விடறதுக்குள்ள போகணுமே. போய், சோறு வடிச்சு, சாயந்திரம் ஒரு ஜாக்கெட் குடுக்க வேண்டியிருந்துச்சு, அதைத் தைச்சேன்."

வரிசையில் யாரோ இருமினார்கள். கட்டக்கா ஊதிக்கொண்டே இருந்தார்.

"நாளைக்குப் போற ஆபீஸ்கூட மாடியிலதான் இருக்கு" என்றார் கடைக்காரர் கடைசியில். "ரெண்டு மாடி ஏறணும்."

"தெரியும்."

"சேர்ந்தே ஏறிக்கலாம்."

முத்திரை காய்ந்து வெகு நேரம் ஆகியிருந்தது. கட்டக்கா தலையை நிமிர்த்தாமல் இன்னொரு தடவை ஊதினார்.