கூண்டுக்குள் முதலில் இறங்கியவன்

வளைகுடாவில், ருவைஸ் எண்ணெய் ஆலையில் சாரம் கட்டிக்கொண்டிருந்த எங்களை, டிவி விளையாட்டு நிகழ்ச்சி ஒன்றுக்கு செட் போட அனுப்பினார்கள். அலையாத்திக் காடு சூழ்ந்த சின்னத் தீவு. வெப்பமண்டலத் தீவாகத் தெரிய வேண்டுமென்று தென்னைகளைக்கூட வேரோடு கொண்டுவந்து நட்டிருந்தார்கள்.

ஒரு போட்டியில், ஆளை இரும்புக் கூண்டில் அடைத்துக் கடலில் இறக்குவார்கள். உள்ளிருந்தே மூன்று தாழ்ப்பாள்களைத் திறந்து வெளியே வர வேண்டும். போட்டியாளர்கள் வருவதற்கு முன் யாராவது செய்துபார்க்க வேண்டும்.

"யாருக்குப்பா நல்லா நீச்சல் தெரியும்?" என்று ஃபோர்மேன் கேட்டார்.

நான் மீனவர் வீட்டுப் பிள்ளை. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

"முடியலேன்னா கைய வெளிய நீட்டு, தூக்கிருவோம்" என்றார். கதவைச் சாத்தி, கூண்டைக் கடலில் இறக்கினார்கள்.

இரண்டு தாழ்ப்பாள்கள் சட்டென்று திறந்துகொண்டன. அதற்குள் கூண்டு சேற்றில் ஒருபக்கமாகச் சாய்ந்து, கதவு கோணிக்கொண்டது. மூன்றாவது அசையவில்லை. காலை முட்டுக்கொடுத்து இழுத்தேன். கையை வெளியே நீட்டி ஆட்டினேன். எதிரே கேமராவோடு மிதந்தவர் விரல்களை வளையமாக்கி, பிரமாதம் என்பதுபோலக் காட்டினார். நடிக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

நெஞ்சு எரிந்தது. கர்த்தரைக் கூப்பிடக்கூடத் தோன்றவில்லை. வாயைத் திறக்கக் கூடாது, அவ்வளவுதான் நினைப்பு. பிறகு அது தானாகத் திறந்துகொண்டது.

மிதவையில் குப்புறக் கிடந்து உப்புத்தண்ணீராக வாந்தியெடுத்தபோதுதான் நினைவு திரும்பியது. கூண்டை ஏற்றி இறக்கும் வின்ச்சை ஓட்டுகிற பட்டான் பாயை டைரக்டர் திட்டிக்கொண்டிருந்தார், உத்தரவில்லாமல் ஏன் தூக்கினாய் என்று.

எப்படித் தெரிந்தது என்று பாயிடம் பிறகு இந்தியில் கேட்டேன்.

"தெரியல பாய். சங்கிலி ஆடுன விதம் சரியில்ல. பயந்துட்டேன்" என்றார்.

மறுநாள் ஃபோர்மேன் வந்தார். "தாழ்ப்பாளச் சரிபண்ணியாச்சு. இன்னொரு தடவ இறங்குறியா?"

"மாஃபி சார். மாட்டேன்."

"வேல போயிரும்."

"போகட்டும்."

வேலை போகவில்லை; ருவைஸுக்கே திருப்பி அனுப்பினார். நிகழ்ச்சி சில வாரங்களிலேயே நின்றுபோனது. கூண்டுப் போட்டி அதில் வரவேயில்லை.

திரும்பி வந்தபின், ருவைஸ் பிளாண்டில் ஒரு டேங்குக்குள் சாரம் கட்டச் சொன்னார்கள். காலி டேங்க், சொட்டுத் தண்ணீர் கிடையாது. துவாரத்தில் தலையை நுழைத்ததுமே மூச்சு முட்டியது. வெளியே வந்து வெயிலில் உட்கார்ந்துவிட்டேன். என்னால் முடியாது என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். அவர் காரணம் கேட்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு வெளிவேலைதான்.