கரி துடைத்த கை

இதை என் வீட்டுக்காரரிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார். ஆனால் நடந்தது. ராத்திரி இருட்டில் எதையோ பார்த்துப் பயந்த கதை இல்லை இது. பட்டப்பகலில், மத்தியான வெயிலில், இந்த இரண்டு கண்ணால் பார்த்தேன்.

என் பெயர் அம்சா. ஊர் தாமல். சின்ன காஞ்சிபுரத்தில், வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் ஒரு லேசர் கடையில் வேலை பார்த்தேன். பட்டுக் கடைக்காரர்கள் முகூர்த்தப் புடவை வைத்துக் கொடுக்கும் மரப்பெட்டிகள் அங்கேதான் தயாராகும். பெட்டி மூடியில் பெண், மாப்பிள்ளை பெயரை லேசர் சுட்டு எழுதும். சுட்டால் புகை வரும். அந்தப் புகை எழுத்தைச் சுற்றிப் பழுப்பாகப் படியும், எழுத்துக்குள்ளே கரியாக நிற்கும். அதைத் துடைப்பதுதான் என் வேலை. துணியில் ஸ்பிரிட்டைத் தொட்டு, மரத்தின் ரேகை போகிற பக்கமாகவே துடைக்க வேண்டும். எழுத்துக்குள்ளே பழைய டூத் பிரஷ். ஸ்பிரிட் கொஞ்சம் அதிகமானால் கறை மரத்துக்குள் இறங்கிவிடும். அப்புறம் போகாது.

"உன் கை பட்டா போதும்மா, மரம் குளிச்சு வந்த மாதிரி இருக்குது" என்பார் கடை முதலாளி இளங்கோவன் அண்ணன். அந்த ஒரு வார்த்தைக்காகவே தினம் பஸ் ஏறி வருவேன்.

அப்புறம் ஷாரோன் வந்தாள். கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிற பெண். ஃபேனுக்குக் கீழே நாற்காலி, கையில் கரி ஒட்டாத வேலை. அண்ணன் வாயில் எந்நேரமும் அவள் பெயர்தான். வந்த கஸ்டமரெல்லாம் பெட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, "டிசைன் யாரு போட்டது?" என்றுதான் கேட்பார்கள். பின் அறையில் நான் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். வயிறு எரியும். நிஜமாகவே எரியும்.

ஒரு நாள் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன். நான் தொடாமல் வைத்துவிட்டுப் போன நாலு மூடியும் சுத்தமாக இருந்தன. சாதாரண சுத்தம் இல்லை. எழுத்தின் முனைகூட அன்றுதான் சீவியது மாதிரி இருந்தது.

அண்ணன் எடுத்துப் பார்த்தார். "அம்சா, இன்னாம்மா இது! இந்த மாதிரி நீ இதுவரைக்கும் பண்ணதே இல்லியே!"

நான் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் நான் தொடாத என் பிரஷ் ஈரமாக இருந்தது.

ஷாரோன்தான், வேறு யார்? என் வேலையையும் பிடுங்கப் பார்க்கிறாள். மறுநாளும் அதேபோல் நடந்தது. நேராகப் போய்க் கேட்டேன்.

"நானாக்கா? அந்த ஸ்பிரிட் வாசனைக்கே எனக்குத் தும்மல் வரும்."

நான் நம்பவில்லை.

இன்னொன்றும் நடக்க ஆரம்பித்தது. காலையில் நான் துடைத்து வைத்த மூடிகளில், சாயந்திரம் கறை திரும்பி வந்திருந்தது. அண்ணன் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "மத்தியானம் பண்ணது சூப்பரா இருக்குது. காலையில பண்ணது மட்டும் ஏன்மா இப்படி?"

அவமானத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை. கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை. சாப்பிடப் போகிற மாதிரி வெளியே போய், தெருவைச் சுற்றிப் பின்பக்கம் வந்தேன். மணி இரண்டு இருபது. பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. டக்... டக்... டக்...

அதற்கு நடுவில் இன்னொரு சத்தம்.

சர்ர்... சர்ர்... சர்ர்...

பிரஷ் சத்தம். என் அறையிலிருந்து.

'மாட்டிக்கினியாடி' என்று நினைத்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

என் ஸ்டூலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முதுகுதான் தெரிந்தது. முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள். ஷாரோன் இல்லை. கொண்டையில் பாதி நரை.

"யாரு?" என்றேன்.

தறி நின்றது.

பிரஷ் நிற்கவில்லை.

அவள் கையிலிருந்த மூடியை மெதுவாகக் கீழே வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள். காலையில் நான் துடைத்தது. அதை வாய்க்கு அருகில் கொண்டுபோனாள்.

ஊதினாள்.

எழுத்திலிருந்து கரி கிளம்பியது... கசிந்தது... மூடி முழுக்கப் பரவியது.

அப்புறம் திரும்பினாள்.

பாதி முகம் தொங்கிக்கொண்டிருந்தது.

ஓடினேன்.

தெரு முனையில் அண்ணனும் ஷாரோனும் வண்டியில் வந்துகொண்டிருந்தார்கள். காந்தி ரோட்டுக் கடைக்குப் பெட்டி கொடுக்கப் போனவர்கள், அப்போதுதான் திரும்புகிறார்கள். மூன்று பேருமாக உள்ளே போனோம். யாரும் இல்லை. ஸ்டூலுக்குக் கீழே என் மூடி, அடுப்பில் போட்டு எடுத்த மாதிரி கறுப்பாகக் கிடந்தது.

நான் பார்த்ததைச் சொன்னேன். நரைக் கொண்டை, தொங்கின முகம் என்றதும் அண்ணன் அந்த ஸ்டூலைப் பார்த்தார்.

"நீலாம்பாள்..." என்றார். "உனக்கு முன்னாடி இங்க வேலை பாத்தவங்க. இந்த ஸ்டூல்லதான் பக்கவாதம் வந்து சாஞ்சாங்க."

"செத்துட்டாங்களா?"

"இல்லம்மா. உசுரோட இருக்காங்க. திருப்புட்குழியில."

உயிரோடு என்று கேட்ட பிறகு அந்த ஸ்டூல் பக்கமே நான் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். அவர் மகள் அகிலா கதவைத் திறந்தாள். உள்ளே கட்டிலில் அதே முகம். வலது கை பக்கத்தில் கட்டை மாதிரி கிடந்தது.

"அந்தக் கை போனது போனதுதான்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்றாள் அகிலா. "பேச்சும் இல்ல. மத்தியானம் சாப்பாடு குடுத்தா தூங்கிடும். அந்த நேரத்துல மட்டும் எவ்ளோ கூப்பிட்டாலும் எழுந்துக்காது. எங்கியோ போயிட்ட மாதிரி."

நான் யார் என்று சொல்லவே இல்லை. நீலாம்பாள் என் முகத்தையும் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புதுசு இல்லை. ஷாரோனின் கம்ப்யூட்டரை நான் தினமும் அப்படித்தான் பார்ப்பேன்.

மறுநாளே வேலையை விட்டேன்.

என் இடத்துக்குப் பொன்னி என்று ஒருத்தியைச் சேர்த்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். பயந்து ஓடி வந்தவள்தான் நான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. என் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். என் பிரஷைப் பிடித்திருப்பாள். "உன் கை பட்டா போதும்மா" என்று அண்ணன் அவளிடம் சொல்லியிருப்பார். சோறு இறங்காது. மத்தியானம் படுத்தால் அதே நினைப்பிலேயே கண் சொருகிவிடும்.

போன மாதம் ஒரு சாயந்திரம் ஷாரோன் போன் செய்தாள்.

"அக்கா, நீங்க மத்தியானம் கடைக்கு வந்தீங்களா?"

"இல்லியே. வூட்லதான் தூங்கிக்கினு இருந்தேன். ஏன்?"



"பின்னாடி ரூம்ல ஒரு பொம்பளை உக்காந்து தேய்ச்சுக்கினு இருந்துச்சாம். பொன்னி அழுதுக்கினு ஓடியாந்துட்டா."

"நீலாம்பாளா?"

"அவங்க தவறிப் போயி இருபது நாள் ஆவுதுக்கா. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது.

"அண்ணன்கிட்ட இருந்த அவங்க போட்டோவையும் காட்டிட்டேன். இவங்க இல்லன்னுட்டா. அப்புறம் போன்ல வேற ஒண்ணு தேடினப்போ, ஆயுத பூஜைக்கு நாம எல்லாம் சேந்து எடுத்தது வந்துச்சு. பொன்னி உங்களை இதுக்கு முன்னாடி பாத்ததே இல்லதானேக்கா?"

"இல்ல."

"போட்டோல உங்க மேல விரலை வெச்சுட்டு, 'இவங்கதான்'னு சொல்றா."