கிளட்ச் பிடிக்க ஒரு ஆள்

அய்ன் த்ராஹாம் மலைச்சாலையில், பாதி ஏற்றத்தில், மூல்தியின் பழைய ஜாவா மோட்டார் சைக்கிள் நின்றுவிட்டது. என்ஜின் மட்டும் தொண்டை கிழியக் கத்தியது, சக்கரம் அசையவில்லை. கிளட்ச் வழுக்குகிறது என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

வனத்துறையில் ஜீப் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். மகளின் பிரசவத்துக்கென்று தலைநகர் தூனிஸ் போன மனைவி ஷெத்லியா, அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகிற வயதாகியும் திரும்பவில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. மகள் வேலைக்குப் போகிறாள், பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். இவரையும்தான் கூப்பிட்டார்கள். அந்த மாடி வீட்டில் ஒரு வாரம் இருந்து பார்த்தார். மூச்சு முட்டியது, வந்துவிட்டார்.

முற்றத்தில் கோணி விரித்து, எண்ணெயை வடித்து, இடது பக்க மூடியைக் கழற்றினார். தட்டுகளில் ஒட்டியிருந்த தக்கை கருகித் தேய்ந்து காகிதமாகியிருந்தது. தக்கைக்கா பஞ்சம்? சுற்றிலும் தக்கை மரக்காடு. பழையதைச் சுரண்டி, நல்ல பட்டையைச் சீவி ஒட்டி, கண்ணாடி மேல் உப்புத்தாள் விரித்துச் சமமாகத் தேய்த்தார். எண்ணெயில் ஊறப்போட்டு மறுநாள் மாட்டினார்.

மிச்சம் ஒரே வேலைதான். கிளட்சைப் பிடிக்கும்போது தட்டு கோணாமல் தூக்குகிறதா என்று பார்த்து, ஸ்பிரிங்குகளைத் திருகிச் சரிசெய்ய வேண்டும். குனிந்து பார்த்துக்கொண்டே கைப்பிடியை அழுத்த இடது தோள் இடம் கொடுக்கவில்லை. எழுந்து அழுத்தினால் தட்டு தெரியவில்லை. கைப்பிடியைக் கயிற்றால் கட்டினார், கயிறு நழுவியது.

பக்கத்துக் காப்பிக்கடை பெஷீர் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார். "என்னய்யா, வண்டியோட குஸ்தியா?"

"வாய வச்சுக்கிட்டு நிக்காம வந்து இதப் பிடி."

பெஷீர் வந்து பிடித்தார். "போன தடவ யாரு பிடிச்சா?"

"ஷெத்லியா. திட்டிக்கிட்டேதான் பிடிப்பா. ஆனா கரெக்டா பிடிப்பா. விடு... இப்பப் பிடி. இன்னும் கோணுது."

"அப்ப அவளையே போய்க் கூட்டிட்டு வாயேன். எனக்கு அங்க பால் பொங்குது."

விளையாட்டாகச் சொன்னதுதான். மூல்திக்கு அது உள்ளே போய்த் தைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தூனிசுக்குக் கிளம்பினார். கிளட்ச் வெண்ணெய் மாதிரி இருந்தது. வழியெல்லாம் 'வந்துடு ஷெத்லியா' என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்.

கதவைத் திறந்த ஷெத்லியா பதறிப்போனாள். "சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிறியே மனுஷா! யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல. கிளட்ச் சரி பண்ணேன். ஓட்டிப் பாக்கலாம்னு..."

"அதுக்குத் தூனிஸ் வரைக்குமா?" விழுந்து விழுந்து சிரித்தாள்.

மீன் போட்ட கூஸ்கூஸ் பரிமாறினாள். பேரன் தாரெக் அவள் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டான். அவனுக்கு மீனில் முள்ளெடுத்துக்கொண்டே சொன்னாள்: "குளிர் வர்றதுக்குள்ள கம்பளியெல்லாம் வெயில்ல போட்டு எடு. போன வருஷம் மாதிரி மறந்துட்டு இருமிக்கிட்டுக் கெடக்காத."

அவர் தலையாட்டினார். இந்தக் குளிருக்கும் அவள் வரப்போவதில்லை என்பது புரிந்தது. இன்னொரு கரண்டி போடச் சொல்லிச் சாப்பிட்டார்.

இருட்டுவதற்குள் மலையேறிவிட்டார். வந்து சேர்ந்ததைச் சொல்லப் போன் போட்டபோது தாரெக் எடுத்தான்.

"யாரு?"

"தாத்தாடா. வீட்டுக்கு வந்துட்டேன்னு பாட்டிகிட்ட சொல்லு."

"சரி" என்று பையன் போனை எங்கேயோ வைத்துவிட்டு ஓடிவிட்டான். அந்த வீட்டு டிவி கேட்டது. தட்டு கழுவுகிற சத்தம் கேட்டது. ஷெத்லியா யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரித்தாள். மூல்தி விளக்கைக்கூடப் போடாமல் காதில் போனை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.