ஏழாவது ஊசி

ஜெயக்கொடி அக்காவின் தையல் பெட்டியைப் பார்த்தால் நீங்களும் சிரிப்பீர்கள். அது ஒரு பழைய அஞ்சறைப் பெட்டி. மூடி நசுங்கிப் போனதால் அவள் தம்பி மனைவி ரோகிணி அதைப் பழைய பாத்திரக்காரனிடம் போடப் பார்த்தாள். அக்கா விடவில்லை. தேய்த்துக் கழுவி மூன்று நாள் வெயிலில் வைத்தாள். அப்போதும் சீரக வாசனை போகவில்லை. ஒரு கிண்ணத்தில் கொக்கி, ஒன்றில் ஊக்கு, ஒன்றில் சட்டைப் பொத்தான் என்று பிரித்துப் போட்டாள். நடுக் கிண்ணத்தில் கம்பளித் துண்டு ஒன்றைச் சுருட்டி வைத்து அதில் ஏழு ஊசிகளைக் குத்தினாள். "என்னைக்காவது சாம்பார்ல கொக்கி கெடக்கப் போகுது, பாருங்க" என்று நான் கேலி செய்வேன். அவள் கோபித்துக்கொண்டதில்லை. கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

நான் ஹம்சவேணி. வில்லாபுரத்தில் ஒரே காம்பவுண்டில் எங்களுக்கு அடுத்தடுத்த வீடு, நடுவில் ஒரு சுவர்தான். நாங்கள் சௌராஷ்டிரா, அவர்கள் பேரையூர்ப் பக்கம். பதினோரு வருஷமாக அவள் வீட்டுக் குக்கர் விசிலை எண்ணித்தான் நான் என் அடுப்பை அணைக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு நாற்பத்தொன்பது வயது. இருபத்தெட்டு வயதில் புருஷன் காசிமாயனை மஞ்சள் காமாலைக்குக் கொடுத்தாள். பிள்ளை இல்லை. பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த தம்பி அருள்பாண்டியைக் கூட்டிக்கொண்டு மதுரைக்கு வந்தவள், ஒரு மெஸ்ஸில் சமையல் வேலைக்குச் சேர்ந்து இருபது வருஷம் சாம்பார் வாளி தூக்கினாள். தம்பி படித்தான், மருந்துக் கம்பெனி ரெப் ஆனான், ரோகிணியைக் கட்டினான். வாளி தூக்கிய இடது தோள்தான் வீணாகப் போயிற்று. அந்தப் பக்கம் புரண்டு படுக்க முடியாது. தைலத்தைத் தானே எட்டி எட்டித் தேய்த்துக்கொள்வாள். எட்டாத இடத்தை விட்டுவிடுவாள்.

தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்தது, பவதாரிணி. ரோகிணிக்கு ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. பிள்ளைக்கு ஆறாவது மாதம் நடக்கையில் அவள் வேலைக்குத் திரும்பியபோது அக்கா மெஸ்ஸை விட்டுவிட்டாள். "இனிமே வீட்டுல ரெஸ்ட் எடு, அக்கா" என்று தம்பி சொன்னானாம். நல்ல ரெஸ்ட்! விடியுமுன் குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டும். பிறகு ரோகிணிக்கு டிபன், பிள்ளைக்குக் கஞ்சி, பிள்ளையின் துணி, குளியல், மத்தியானச் சமையல். தம்பி வாரத்தில் நாலு நாள் லைன் என்று வெளியூர் டாக்டர்களைப் பார்க்கப் போய்விடுவான். "எம்புட்டு நடக்குறேன் ஹம்சா, ஆனா தெருமுக்கு கூடத் தாண்டல" என்று ஒருநாள் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை மட்டும் அவளுடைய நேரம். சோறு வடித்தாகியிருக்கும், பிள்ளை தொட்டிலில் தூங்கும். பக்கத்தில் ஒரு டம்ளர் காப்பியை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் பெட்டியைத் திறப்பாள். நூல்கண்டுகளை நிறம் பார்த்து அடுக்குவாள். முந்தாநாள்தான் அடுக்கியிருப்பாள், இருந்தாலும் கலைத்து மறுபடியும் அடுக்குவாள். பழைய பருத்திச் சேலைகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒன்றோடு ஒன்று சேர்த்து, பிள்ளை தவழ ஒரு விரிப்பு தைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு மணி நேரம் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். நானும் போய் உட்கார்ந்திருப்பேன், ஆனால் வாயைத் திறக்க மாட்டேன். அது எவ்வளவு பெரிய காரியம் என்று என் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார்.

பிள்ளை தவழ ஆரம்பித்ததும் ரோகிணி கறாராகச் சொல்லிவிட்டாள். "மதினி, தரையில எது கெடந்தாலும் இவ வாய்க்குத்தான் போகுது. ஒரு ஊசி கொறஞ்சாலும் நான் பிள்ளைய கல்லுப்பட்டில எங்கம்மாகிட்ட கொண்டு போய் விட்ருவேன்."

அக்கா அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. விழுந்தால் கண்ணில் படட்டும் என்று ஏழு ஊசியிலும் சிவப்பு நூலைக் கோத்து முடிச்சுப் போட்டு வைத்தாள். அந்த விரிப்பு முழுக்கச் சிவப்புத் தையலாக இருப்பது அதனால்தான். பெட்டியைத் திறக்கும்போது ஏழு, மூடும்போது ஏழு. அவள் எண்ணுவது சுவரைத் தாண்டி எனக்கே கேட்கும்.

போன மாதம் ஒரு புதன்கிழமை, மூடும்போது ஆறுதான் இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு என் வாசலில் வந்து நின்றாள். பிள்ளை வலது தோளில் இருந்தது. "ஹம்சா, ஒரு ஊசியக் காணோம்." முகம் வெளுத்துப் போயிருந்தது. தூங்கிய பிள்ளை திடீரென்று வீரிட்டு அழுததாம். அடுத்த சதுரத்தைத் தைக்க ஊசியைக் கையில் எடுத்தவள், எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். சமாதானப்படுத்திவிட்டு வந்து எண்ணினால் ஒன்று குறைகிறது.

என் மகன் ராகேஷின் ஓடாத ஸ்பீக்கரிலிருந்து கழற்றி வைத்த காந்தம் ஒன்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போனேன். தரை முழுக்க இழுத்தேன். தொட்டிலுக்கு அடியில், பாய்க்கு அடியில், விரிப்பின் ஒவ்வொரு மடிப்பிலும் தேடினேன். ஒட்டிக்கொண்டு வந்தது இரண்டு கொண்டை ஊசியும் ஒரு சோடா மூடியும்தான்.

அக்கா பிள்ளையைத் தரையில் விடவே இல்லை. "கீழ எங்க கெடக்குதோ, தொட்டில் துணிலதான் குத்திக் கெடக்குதோ, நான் எறக்க மாட்டேன்" என்றாள். பத்து மாதப் பிள்ளை, ஒன்பது கிலோ. நான் வாங்கப் போனால் அது என்னைப் பார்த்துக் கத்தியது. பன்னிரண்டிலிருந்து ஆறரை வரை அவளேதான் தூக்கிக்கொண்டு நடந்தாள். பால் கொடுத்ததும் தூங்க வைத்ததும் தோளிலேயேதான். இடது தோளுக்கு மாற்ற ஒருமுறை பார்த்தாள். இடது கையைத் தூக்கியதுமே வலி தாங்காமல் வலது பக்கமே வைத்துக்கொண்டாள்.

"இந்தப் பாழாப்போன தோளு நல்லா இருந்தா மாத்தி மாத்தியாச்சும் தூக்கலாம்" என்று அழுதே விட்டாள். பிறகு சொன்னாள்: "பிள்ள கல்லுப்பட்டிக்குப் போயிட்டா எனக்கு இந்த வீட்டுல என்ன வேல, ஹம்சா? தம்பி வீடுதான். அதுக்காகச் சும்மா உக்காந்து திங்க முடியுமா?"

நான் காந்தத்தை எடுத்து மறுபடியும் தரையில் இழுத்தேன்.

ரோகிணி வந்து செருப்பைக் கழற்றும்போதே அக்கா சொல்லிவிட்டாள். ரோகிணி கத்தவில்லை. கத்தியிருந்தாலாவது தேவலை. பிள்ளையை வாங்கி, வாயைத் திறந்து பார்த்து, கை காலெல்லாம் தடவினாள். "ஞாயித்துக்கெழம கல்லுப்பட்டிக்குக் கூட்டிட்டுப் போறேன், மதினி" என்றாள். பீரோவைத் திறந்து பிள்ளையின் துணிகளைப் பையில் எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

அக்கா முகம் கழுவப் பின்பக்கம் குழாயடிக்குப் போனாள். நானும் கூடவே போனேன். முந்தானையை இழுத்துச் செருக வேண்டும் என்று இடது தோளில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றக் கை வைத்தவள், சட்டென்று விரலை இழுத்துக்கொண்டாள். விரலில் ஒரு பொட்டு ரத்தம். ஊக்குக்குப் பக்கத்தில், சேலை மடிப்போடு மடிப்பாக, ஏழாவது ஊசி இருந்தது.

தையல் போடுகிற பொம்பளைகள் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். பாதியில் எழுந்தால் கை தானாக ஊசியைத் தோளில் குத்திவிடும். அன்றைக்கு அவள் கட்டியிருந்தது அரக்குச் சிவப்புச் சேலை. அதில் சிவப்பு நூல் எங்கே தெரியப்போகிறது? தரையில் கிடக்கும் ஊசிக்குப் பயந்து ஆறரை மணி நேரம் பிள்ளையைத் தோளில் வைத்திருந்தாள், ஊசி இருந்ததும் தோளில்தான். வலி மட்டும் இல்லாதிருந்தால் அவள் தோள் மாற்றியிருப்பாள். பிள்ளையின் கன்னம் நேராக அந்த ஊசியின் மேல் சாய்ந்திருக்கும்.

நான் ஒன்றும் பெரிய யோக்கியை இல்லை. "அக்கா, கட்டிலுக்கு அடியில கெடந்துச்சுன்னு சொல்லிருங்க. யாருக்குத் தெரியப் போகுது?" என்று காதோடு சொன்னேன்.

அக்கா மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். "தரையில கெடந்தா கூட்டித் தள்ளிறலாம். எந் தோள்ல இருந்தத அவ தெரிஞ்சுக்கணும்ல. நாளைக்கும் நான்தான தூக்கப் போறேன்."

உள்ளே விளக்கு வைத்தாகிவிட்டது. விளக்கு வைத்த பிறகு ஊசியை யாரும் கைக்குக் கை கொடுப்பதில்லை. அக்கா குனிந்து ரோகிணிக்கு எதிரே தரையில் வைத்தாள். "எந் தோள்ல இருந்துச்சு. இந்தப் பக்கம். நானேதான் குத்தியிருக்கேன்."

ரோகிணி ஊசியை எடுத்து விரலில் பிடித்துக்கொண்டு அக்காவின் இடது தோளைப் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் பாப்பாவத் தூக்கலையா மதினி?"

"இல்ல. வலி. தூக்க முடியல."

"எத்தன நாளா?"

"அது கெடக்கு, மெஸ்ல இருந்தப்பவே."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

அக்கா முந்தானையைத் தோளுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். கேட்டிருந்தால்தானே சொல்லியிருப்பாள்?

ஞாயிற்றுக்கிழமை யாரும் கல்லுப்பட்டிக்குப் போகவில்லை. பை மட்டும் ஒரு வாரம் பீரோ பக்கத்திலேயே கிடந்தது. காரணத்தை நானும் கேட்கவில்லை, ரோகிணியும் சொல்லவில்லை.

ஆனால் அதிலிருந்து தினமும் காலையில் ஒரு கூத்து நடக்கிறது. வேலைக்குக் கிளம்பும் ரோகிணி, பிள்ளையைக் கொடுப்பதற்கு முன்னால் அக்காவின் இரண்டு தோளையும் தடவிப் பார்க்கிறாள். மீனாட்சி கோயில் வாசலில் பெண் போலீஸ் தடவுவார்களே, அதே மாதிரி. அக்காவும் கையை விரித்துக்கொண்டு நிற்கிறாள். சாயங்காலம் வந்ததும் மறுபடியும் ஒரு சோதனை. பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்றுக் கேட்டே விட்டேன். "என்னக்கா இது? திருடியச் சோதன போடுற மாதிரி போடுறா, நீங்களும் நிக்கிறீங்க?"

மணி பதினொன்றேகால் இருக்கும். அக்கா ஜன்னலோரம் நூல்கண்டு அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"போடட்டும், நல்லதுதான" என்றாள். அப்புறம் கையிலிருந்த நூல்கண்டைக் கீழே வைத்தாள். "இடது பக்கம் வரும்போது கைய எடுக்காம கொஞ்ச நேரம் அமுக்கி விடுறா, ஹம்சா. பஸ்ஸுக்கு நேரமானாலும் அமுக்கி விட்டுட்டுத்தான் போறா." இடது தோளைத் தானே தொட்டுக்கொண்டாள். "இத்தன வருசத்துல இந்தத் தோள ஒருத்தரும் பிடிச்சு விட்டதில்ல."

பதினோரு வருஷமாகச் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிறவள் நான். காலி டம்ளரை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு என் வீட்டுக்கு வந்துவிட்டேன்.