பொடி என்றால் பவுடர்

வேலை என்று உட்கார்ந்துவிட்டால் விசாலாக்ஷி இரண்டு கைகளையும் தொடைக்கடியில் செருகிக்கொள்வார். வாய் சொல்லாததைக் கை சொல்லிவிடக் கூடாதாம். நியூ ஜெர்சியில் அவர் இருக்கும் பக்கம் ஆஸ்பத்திரியோ போலீஸோ, தமிழை இங்கிலீஷாக்க ஆள் வேண்டுமென்றால் பதினோரு வருடமாக அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். "நான் வெறும் பைப். இந்தப் பக்கம் ஊத்தினா அந்தப் பக்கம் வரும், அவ்ளோதான்" என்பார்.

வீட்டிலும் அதே கறார். கணவர் பசுபதி காபி சுமார் என்றால், "சுமார்னா? சூடு கம்மியா, டிகாக்‌ஷன் கம்மியா? கரெக்டா சொல்லுங்கோ" என்று கேட்டுவிட்டுத்தான் டம்ளரைத் தொடுவார். பசுபதி இப்போதெல்லாம் காபியைப் பற்றி அபிப்பிராயமே வைத்துக்கொள்வதில்லை.

போன வருடம் போலீஸில் ஒரு குரல் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். வேறொரு வழக்கில் பிடிபட்டவனின் போனில் இருந்த பெண் குரல்: "அண்ணா, பொடி ரெடியாயிருச்சுங்க. வாசம் வெளிய போகாம டபுள் கவர் போட்டிருக்கேனுங்க. பார்க்கிங் லாட்டுக்கு வந்து வாங்கிக்குங்க." விசாலாக்ஷி ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பொடி என்ற இடத்தில் பவுடர் என்றார். என்ன பவுடர் என்று டிடெக்டிவ் கேட்டார். அன்று காலைதான் விசாலாக்ஷி இரண்டு இட்லிக்குப் பொடி தொட்டுச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். இருந்தும், பேசுகிறவர் அதைச் சொல்லவில்லை என்றார். ரூட் ஒன் நெடுஞ்சாலையில் காரில் திரும்பி வரும்போது அந்தப் பதிலை நினைத்துக் கொஞ்சம் பெருமைகூடப் பட்டார்.

அவர் மொழிபெயர்த்த அந்த ஒரு பக்கத்தை வைத்து அந்தப் பெண்ணின் வீட்டைச் சோதிக்க உத்தரவு வாங்கினார்கள். வீட்டிலேயே பொடி அரைத்து வாட்ஸப்பில் விற்கும் பவளத்தின் வீடு அது. வறுத்த உளுந்தும் மிளகாயும் தரையில் கொட்டப்பட்டன. தேடி வந்த போதைப்பொருள் கிடைக்கவில்லை. மாமனார் மூட்டுவலிக்கென்று ஊரிலிருந்து கொண்டுவந்து மறந்துவிட்டுப்போன மாத்திரை, டாக்டர் சீட்டு இல்லாமல், அலமாரியில் கிடைத்தது. அங்கே அது குற்றம்; இப்போது வழக்கு அதன்மேல்தான். கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் குடும்பம். உத்தரவு கொடுக்கப் போதிய காரணமே இருக்கவில்லை, உத்தரவு செல்லாதென்றால் மாத்திரையும் சாட்சியத்தில் நிற்காது என்று பவளத்தின் வக்கீல் வாதாடினார். விசாலாக்ஷியைச் சாட்சிக்கு அழைத்தார்கள்.

கோர்ட் வராந்தாவில் பவளமே அவரிடம் வந்தாள். "ஆன்ட்டி, நீங்க சரியாத்தானுங்க சொல்லியிருக்கீங்க. நாந்தான் வெவரமா பேசியிருக்கோணும்." திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

சாட்சி நாற்காலியிலும் கைகள் தொடைக்கடியில்தான். மொழிபெயர்ப்பு சரியா என்று அரசு வக்கீல் கேட்டார். சரி என்றார். அத்தோடு இறங்கியிருந்தால் அடுத்த வாரமும் போலீஸ் கூப்பிட்டிருக்கும். பவளத்தின் வக்கீல் எழுந்து, தமிழர் வீட்டில் பொடி என்றால் என்னவென்று அன்றைக்கே உங்களுக்குத் தெரியுமா என்றார். தெரியும் என்றார். அப்படியென்றால் என்ன என்று நீதிபதி கேட்டார்.

விசாலாக்ஷி கைகளை வெளியே எடுத்தார். இடது உள்ளங்கையைத் தட்டாக விரித்தார். இல்லாத இட்லியை விண்டு, இல்லாத பொடியில் தொட்டு, குனிந்த தலை நிமிராமல் வாயில் வைத்துக்கொண்டார்.