எங்கே போனார்கள் என்று கேட்ட இங்கே

இங்கே ஸ்கோவ் என்ற டென்மார்க் அம்மையார் யூதப் பெண் அல்லர். முதலில் இதைத் திருத்த வேண்டியிருக்கிறது. அவர் காலமான செய்தியைக் கோல்டிங்கிலிருந்து தொலைபேசியில் சொன்ன திருமதி மரியதாஸ், "பாவம், ஹிட்லர் காலத்தில சின்ன வயதில படகில சுவீடனுக்குத் தப்பிப் போன யூத மனுசியல்லோ" என்றும் சேர்த்துச் சொன்னார். ஞாயிறு பூசை முடிந்ததும் இன்னும் சிலர் அதையே சொன்னார்கள். இங்கே ஸ்கோவ், இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு வைலேக்கு அருகில் ஒரு பால் பண்ணையில் பிறந்தவர். லூத்தரன் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றவர். யூதர்களுக்காக இவ்வளவு பாடுபட்டவர் யூதராகத்தான் இருக்க வேண்டும் என்று இங்குள்ள தமிழர் நாங்கள் முடிவு கட்டிவிட்டோம். தன் ஆட்களுக்காக மட்டுமே ஒருவர் மினக்கெடுவார் என்று நினைத்துப் பழகியவர்கள் நாங்கள்.

அவர் ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியை. டென்மார்க்கின் யூலாந்துப் பகுதியிலுள்ள சிறு பட்டினங்களில் ஒரு காலத்தில் வாழ்ந்த யூதக் குடும்பங்களைப் பழைய குடிசனக் கணக்கு, வரிப் பதிவு, இடுகாட்டுப் பதிவு ஆகியவற்றிலிருந்து எப்படித் தேடிக் கண்டுபிடிப்பது என்று ஆசிரியர்களுக்கு ஆவணக் காப்பகத்தில் வகுப்பு நடத்தினார். நான் அப்போது வைலேயில் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தாய்மொழி ஆசிரியை. அழைப்பு எல்லா ஆசிரியர்களுக்கும் வந்தது. அது எங்களுக்கில்லை என்று மற்றத் தாய்மொழி ஆசிரியர்கள் விட்டுவிட்டார்கள். எல்லா ஆசிரியர்களும் என்றால் எல்லா ஆசிரியர்களும்தான். கன்னியர்மடத்தில் எனக்கு அப்படித்தான் வாசிக்கக் கற்பித்தார்கள். நான் போனேன்.

முதல் நாள் பிரெடெரிசியா என்ற பட்டினத்தில் வாழ்ந்த ஒரு புகையிலை வியாபாரியின் குடும்பத்தை எங்கள் முன் வைத்தார். ஒரு குடிசனக் கணக்கில் ரெபெக்கா என்ற மகள் இருக்கிறாள், அடுத்ததில் இல்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த மட்ஸ் என்ற இளம் ஆசிரியர், ‘இறந்துவிட்டாள்’ என்று எழுதினார். இங்கே மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"மட்ஸ், இடுகாட்டுப் பதிவில் இவள் இல்லை. ஆகவே இவளைக் கொன்றது நீங்கள்தான்."

மட்ஸின் காது சிவந்துவிட்டது. பின்னேரத்துக்குள் அவரே ரெபெக்காவைக் கோபன்ஹேகன் திருமணப் பதிவு ஒன்றில் உயிரோடு கண்டுபிடித்தார். கையுறைக் கடைக்காரர் ஒருவரைக் கட்டியிருந்தாள். அந்தப் பட்டினங்களின் யூதர்களிற் பெரும்பாலோர் போருக்கு வெகுகாலம் முன்னரே தலைநகருக்குக் குடிபெயர்ந்தவர்கள். அழிந்த சமூகம் என்று யாராவது எழுதினால் இங்கே அதைப் பென்சிலால் வெட்டி, ஓரத்தில் ‘எங்கே?’ என்று எழுதுவார்.

"யூதர் என்றதும் பிள்ளைகள் சாவைத்தான் நினைக்கிறார்கள்" என்று ஒருமுறை சொன்னார். "அவர் என்ன விற்றார், எந்தத் தெருவில் இருந்தார், பக்கத்து வீட்டுக்காரரோடு எதற்குச் சண்டை பிடித்தார் என்று முதலில் கேட்கட்டும். அதற்குப் பிறகு சாவைப் படித்தால்தான், செத்தது யார் என்று தெரியும்."

அவருடைய பெயரைத் தமிழில் எழுதினால் ‘இங்கே’. டேனிஷ்காரர் சொல்லக் கேட்டால் ஏறத்தாழ ‘எங்க’. எங்கள் தமிழ் வகுப்பின் கிறிஸ்மஸ் ஒளிவிழாவுக்கு அவரை அழைத்திருந்தேன். "எங்க வந்திட்டா" என்று யாரோ அறிவிக்க, சமையலறையில் வடை சுட்டுக்கொண்டிருந்த செல்வம் அண்ணை, "ஆர் எங்க வந்திட்டா?" என்றார். "எங்கதான்." "அதைத்தானே நானும் கேக்கிறன், எங்க?" நான் விளக்கிச் சொன்னதும் இங்கே கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் தொழிலையே பெயராக வைத்த ஒரே மொழி தமிழ்தான் என்றார்.

அன்றுதான் வெறும் கதிரைகளையும் கவனித்தார். முன்பு நிறையப் பிள்ளைகள் இருந்ததாகச் சொன்னீர்களே என்று கேட்டார். குடும்பம் குடும்பமாக லண்டனுக்குப் போய்விட்டார்கள், எங்கள் வகுப்பு செத்துக்கொண்டிருக்கிறது என்றேன். லண்டனில் எங்கே, யார் யார், அதை யார் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டார். எல்லாருக்கும் தெரியும் என்றேன்.

"எல்லாருக்கும் தெரிந்ததுதான் முதலில் தொலையும். பிரெடெரிசியாவிலும் எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது."

எனக்குக் கோபம் வந்தது. என்னைத் திருத்துகிறவர்கள் குறைவு. ஆனால் அடுத்த கிழமையே ரயிலேறி என் வீட்டுக்கு வந்தார், மடியில் ஒரு சாம்பல் நிறக் காப்பகப் பெட்டியோடு. மூடியில் பென்சிலால், தானே பார்த்துப் பழகிய தமிழெழுத்தில் ‘தமிழ் குடும்பங்கள்’ என்று எழுதியிருந்தார். ஒற்று விடுபட்டிருக்கிறது என்றேன். பென்சிலை நீட்டினார். நான் ‘க்’ சேர்த்தேன். அதன் பிறகுதான் கோப்பி குடித்தோம்.

என் கணவர் காலமான பின் அவருடைய தொழிற்சாலை அடையாள அட்டையை அந்தப் பெட்டியில் வைத்தேன். பலரிடம் அவர்களுடைய குடும்ப விவரங்களைக் கேட்டேன். "ஓம் ரீச்சர், தாறன்" என்றார்கள். வேறொன்றும் வரவில்லை. கடைசியாக ஆஸ்பத்திரியில் இங்கேயைப் பார்த்தபோது நலம் விசாரிக்க என்னை விடவில்லை, பெட்டியைத்தான் விசாரித்தார். இன்னும் பாரமில்லை என்றேன். காப்பகத்தில், புகையிலை வியாபாரியின் பெட்டிக்குப் பக்கத்தில் அதற்கு இடம் கேட்டு வாங்கியிருப்பதாகவும், வெறும் பெட்டியை அங்கே வைக்க மாட்டார்கள் என்றும் சொன்னார். என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தப் பெட்டியும், ஓரத்தில் எழுதும் அந்த ஒரு சொல்லும்தான். பெட்டி வெறுமையாகவே இருந்தால், பிற்காலத்தில் இன்னொரு மட்ஸ் எங்கள் எல்லாரையும் ஒரு வரியில் கொன்றுவிடுவார். ‘எங்கே?’ என்று கேட்க அப்போது இங்கே இருக்க மாட்டார்.

ஆகவே வைலே, கோல்டிங் பக்கத்தில் இருப்பவர்களும் அங்கிருந்து போனவர்களும் உங்கள் பெயர், தகப்பன் பெயர், இருந்த தெரு, செய்த வேலை, பிறகு எங்கே போனீர்கள் என்பதை எனக்குத் தெரிவியுங்கள். தொலைபேசி வேண்டாம். எழுதி அனுப்புங்கள்.