பேர் சுரண்டிய பெட்டிக் கேமரா

நிலக்கரிச் சுரங்க நகரமான கராகண்டாவில் என் பக்கத்து வீட்டுக்காரர் வோல்டெமார். சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்தவர்; வோல்கா ஆற்றங்கரையில் தலைமுறைகளாக வாழ்ந்த ஜெர்மன் வம்சம். அவர் சனம் மொத்தமும் ஜெர்மனிக்குப் போய்விட்டது, மகன் ஆர்தர் உட்பட. மனைவியின் கல்லறையை விட்டு வரமாட்டேன் என்று இவர் மட்டும் தங்கிவிட்டார். கல்லறை பேசுமா? தனியாக டிவியோடு சண்டை போடுவார். சுவர் வழியே எனக்குக் கேட்கும்.

போன இலையுதிர் காலத்தில் பழைய சாமான் சந்தையிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டிக் கேமரா வாங்கிவந்தார். அதில் பேரில்லை, ஊரில்லை, எண்ணில்லை.

"செருப்புப் பெட்டிக்குக் கண்ணு வச்ச மாதிரி இருக்கு. இதுக்கா காசு குடுத்தீங்க?" என்று சிரித்தேன்.

மகனுக்கு வீடியோ போனில் காட்டினார். பண்டிகைக்கு மட்டும் கூப்பிடுகிற ஆர்தருக்குக் கிறுக்குப் பிடித்துக்கொண்டது. எந்தக் கம்பெனி, எந்த வருஷம் என்று தெரியாமல் விடமாட்டேன் என்று தினமும் அழைத்தான். பார்க்கிற ஜன்னல் ஒன்றா இரண்டா, ஃபிலிம் சுற்றும் சாவி எந்தப் பக்கம் என்று ஓயாத கேள்வி. வோல்டெமார் முகச்சவரம் செய்துகொண்டு போனுக்குக் காத்திருக்கத் தொடங்கினார்.

ஒருநாள் எங்கள் பக்கத்து மாவுப் பலகாரமான பவுர்சாக் பொரித்து எடுத்துப் போனேன். கேமராவைத் திறந்து, ஃபிலிம் உட்காரும் இடத்தை அளந்துகொண்டிருந்தார். அளவுகோல் ஆறு சென்டிமீட்டர் காட்டியது. போனில் மகனிடம் "அஞ்சுடா" என்றார்.

எனக்குப் பொய் ஆகாது. போனை வைத்ததும் பிடித்துக்கொண்டேன்.

"ஏண்ணே, கண்ணு அவிஞ்சு போச்சா? ஆறு இருக்குல்ல?"

"குல்பாஷ்," என்று என் பக்கம் திரும்பினார். "இது ஆக்ஃபா, ஜெர்மன் கம்பெனி. சந்தையில பார்த்தப்பவே தெரியும். எங்க வீட்டுல இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு. நாப்பத்தொண்ணுல ஜெர்மனியோட போர் வந்ததும் எங்களை வோல்காக் கரையிலிருந்து இங்க நாடுகடத்த ரயில்ல ஏத்துனப்ப, ஜெர்மன் எழுத்தைப் பார்த்தா உளவாளிம்பாங்கன்னு எங்கம்மா அந்தக் கம்பெனி பேரைக் கத்தியால சுரண்டிட்டா. இதையும் தடவிப் பாரு."

தடவினேன். தோலில் கத்தி கீறிய தடம் விரலில் நெருடியது. எந்த வீட்டு அம்மாவோ, எவ்வளவு பயந்தாளோ.

"பையன்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லிட்டா அப்புறம் எதுக்குக் கூப்பிடுவான்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற அப்பனோடு பேச ஒரு டப்பா வேண்டியிருக்கிறதா இவனுக்கு?

மறுபடி போன் அடித்தது. எடுத்ததும் ஆர்தர் என்னைப் பார்த்துவிட்டான்.

"அத்தை, நீங்களே பார்த்துச் சொல்லுங்க. அப்பா தப்பா அளக்குறாரு. ஆறுதானே? மத்த அடையாளமெல்லாம் ஒத்துப்போகுது, ஆறுன்னா ஆக்ஃபாதான். சோலி முடிஞ்சுது."

வோல்டெமார் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சேதான்டா," என்றேன். "உள்ள வேற என்னமோ பொடி எழுத்து இருக்கு. எங்க ரெண்டு பேர் கண்ணுக்கும் பிடிபடல. நீ நேர்ல வந்து பார்த்தாத்தான் ஆச்சு."

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"ஒரு போட்டோ எடுத்து அனுப்பிடுங்க அத்தை."

"போட்டோல விழாதுடா!" என்று கத்திவிட்டு வைத்தேன்.

வோல்டெமாருக்கு என் கோபம் எட்டவே இல்லை.

"அஞ்சுன்னுட்டியே," என்றார். "அப்ப நாளைக்கும் கூப்பிடுவான்ல?"